சிவப்பு வாளி கறுப்பான படம்: ஒரு ஹரிக்கேன் மாடலுக்கு வண்ணமும் வெதரிங்கும்

போர்க்காலப் படத்தை முன்னால் வைத்துக்கொண்டு மாடல் விமானத்துக்கு வண்ணம் பூசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். படத்தில் வெளுப்பாகத் தெரிவதை வெளிர் நிறம் என்றும், கறுப்பாகத் தெரிவதைக் கரிய நிறம் என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் கிடையாது, ஒளியளவுதான் உண்டு. அந்த ஒளியளவும் எந்த பிலிமில் எடுத்தது என்பதைப் பொறுத்து மாறும். இதை முதலில் தீர்த்துக்கொள்ளாமல் ஏர்பிரஷைக் கையில் எடுப்பது வீண். காரைக்குடியில் முடிக்கப்பட்ட, இரண்டாம் உலகப்போர்க் காலப் பிரிட்டிஷ் போர்விமானமான ஹாக்கர் ஹரிக்கேன் மார்க் 2பி-யின் 1/48 அளவு மாடல் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரு படத்திலிருந்து எவ்வளவு எடுக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை இங்கே பார்க்கலாம்.

ஆதாரம்

காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் எனாமல் தூக்குகளுக்கும் பீங்கான் ஜாடிகளுக்கும் நடுவே உதிரிப் படங்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். பர்மாவுக்குக் கொண்டு விற்கப் போன குடும்பங்களின் ஆல்பங்கள் பிரிந்து வந்தவை அவற்றில் நிறைய உண்டு. இந்த மாடலுக்கு அடிப்படையான பிரிண்ட் அப்படி வந்த ஒன்று. 6×9 செ.மீ., நெகட்டிவை நேரே தாளில் வைத்துப் பதித்த கான்டாக்ட் பிரிண்ட். பின்புறம் எழுத்து எதுவும் இல்லை. ஹரிக்கேன் ஒன்று இடப்பக்கம் காட்டி நிற்கிறது. இறக்கை அடியில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவர் வாலருகே நிற்கிறார். ஓரத்தில் தீயணைப்பு வாளிகள் தொங்கும் சட்டம் ஒன்று.

கான்டாக்ட் பிரிண்ட் கிடைப்பது அதிர்ஷ்டம். பத்திரிகையில் அச்சான படமானால் புள்ளிகள் வந்துவிடும். பிரிண்டைப் படமெடுத்து மறுபடி பிரிண்ட் போட்டதானால் நடுச்சாம்பல் தொலைந்து கறுப்பும் வெள்ளையும்தான் மிஞ்சும். அதிகாரபூர்வப் படங்களில் இன்னொரு சிக்கல், தணிக்கையாளரின் தூரிகை. படைப்பிரிவு எழுத்துகளையும் பின்னணியையும் அழித்து வெளியிட்டது அன்றைய வழக்கம். உடற்பகுதி மொழுமொழுவென்று வெறுமையாக இருந்தால் எழுத்து இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

ஸ்கேன் செய்யும்போது 1200 டிபிஐ, 16 பிட், வண்ணத்தில் எடுக்க வேண்டும். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ண ஸ்கேன் எதற்கு என்று கேட்கலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் எழுபது எண்பது வருடம் இருந்த தாள் மஞ்சளித்திருக்கும், விளிம்புகளில் வெள்ளி மினுமினுப்பு ஏறியிருக்கும். வண்ணத்தில் எடுத்தால்தான் எது தாளின் கறை, எது படத்தின் சாம்பல் என்று பிரிக்க முடியும். ஸ்கேனரின் தானியங்கிச் சீர்படுத்தலை அணைத்துவிட வேண்டும். 6×9 செ.மீ. பிரிண்ட் 1200 டிபிஐயில் சுமார் 2,835×4,252 புள்ளிகள் தரும். அதற்கு மேல் போனால் கோப்புதான் பெருக்கும், விவரம் பெருகாது.

அளவைக் கட்டுவது

ஹரிக்கேனின் நீளம் ஏறத்தாழ 9.8 மீட்டர். பிரிண்டில் மூக்கிலிருந்து வால்வரை 7 செ.மீ. அப்படியானால் பிரிண்டின் 1 மி.மீ. உண்மையில் 140 மி.மீ. இந்த பிரிண்டில் தெளிவாகப் பிரிந்து தெரியும் மிகச் சிறிய குறி 0.05 மி.மீ. அளவு, அதாவது விமானத்தில் 7 மி.மீ., மாடலில் 0.15 மி.மீ.

இந்தக் கணக்கு சலிப்பூட்டலாம், ஆனால் வெதரிங்கின் (வெயில், தேய்மானம், அழுக்கு ஆகியவற்றின் தடங்களை மாடலில் காட்டும் வேலை) எல்லையைக் கட்டுவது இதுதான். விமானத்தில் 7 மி.மீ.க்குக் குறைந்த எதற்கும் பிரிண்டில் சாட்சி இல்லை. மறுபக்கம், மாடலில் தூரிகை நுனியால் அலட்சியமாக வைக்கும் அரை மி.மீ. வெள்ளிப் புள்ளி உண்மையில் 24 மி.மீ. பெயர்ப்பு (வண்ணம் உதிர்ந்து உலோகம் தெரியும் இடம்), கட்டைவிரல் அகலம். அப்படி ஒன்று விமானத்தில் இருந்திருந்தால் பிரிண்டில் பளிச்சென்று தெரிந்திருக்கும். இணையத்தில் காணும் மாடல்களில் பாதி, இந்த ஒரு கணக்கிலேயே அடிபட்டுப் போகும்.

படம் இடவலம் மாறி அச்சாகவில்லை என்பதையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். ஹரிக்கேனில் காற்றுவேகம் அளக்கும் பிட்டோ குழாய் இட இறக்கையின் அடியில் இருக்கும். விமானி ஏறும் மடக்குப்படியும் இடப்பக்கம்தான். அவசரத்தில் பிடுங்கி எறியும் காக்பிட் பலகை வலப்பக்கம். இவை இடம் மாறியிருந்தால் நெகட்டிவைத் திருப்பி வைத்துப் பதித்திருக்கிறார்கள். இந்த பிரிண்ட் சரியாக இருந்தது.

வகையைப் பொறுத்தவரை, இறக்கை முன்விளிம்பில் பீரங்கிக் குழல் எதுவும் நீட்டவில்லை. எனவே நான்கு 20 மி.மீ. பீரங்கி கொண்ட 2சி அல்ல. துப்பாக்கி வாய்களை மூடிய ஒட்டுத்துணிகள் வெளி இறக்கையிலும் தெரிவதால் பன்னிரண்டு பிரவுனிங் இயந்திரத் துப்பாக்கி கொண்ட 2பி. மூக்கின் அடியில் வோக்ஸ் தூசி வடிகட்டியின் தாடை துருத்துகிறது.

பிலிமைக் கண்டுபிடிப்பது

பான் பிலிம் எல்லா நிறத்துக்கும் அசையும். ஆர்த்தோ பிலிம் சிவப்பைப் பார்க்காது. ஆர்த்தோவில் சிவப்பு கறுப்பாகும், மஞ்சள் எதிர்பார்ப்பதைவிடக் கருக்கும், நீலம் வெளிறும். போர் நடந்த ஆண்டுகளில் அதிகாரபூர்வப் படப்பிடிப்பாளர்கள் பெரும்பாலும் பான் பிலிம் வைத்திருந்தார்கள். சொந்தப் பெட்டிக் கேமரா வைத்திருந்தவர்களிடம் ஆர்த்தோ சாதாரணம். கோடக் வெரிக்ரோம் ரோல் பிலிமே ஆர்த்தோதான், 1956-இல்தான் அது பானாக மாறியது.

எது எது என்று தெரிய, படத்துக்குள்ளேயே நிறம் தெரிந்த பொருள் ஒன்று வேண்டும். இந்த பிரிண்டில் அது தீயணைப்பு வாளி. அந்த வாளிகள் சிவப்பு, சந்தேகம் இல்லை. பிரிண்டில் அவை விமானத்தின் டயருக்கு இணையான கறுப்பு. பான் பிலிமாக இருந்தால் அவை நடுச்சாம்பலில் நின்றிருக்கும். இரண்டாவது சாட்சி, எந்த நாட்டு விமானம் என்று காட்ட உடற்பகுதியில் வரைந்த வட்ட அடையாளம். அதன் அடர்நீலம் உடற்பகுதியைவிட நன்றாக வெளிறி நிற்கிறது. மூன்றாவதாக, வானத்தில் ஒரு மேகம்கூட இல்லாமல் வெறும் தாள் வெள்ளை. ஆர்த்தோ என்று உறுதியாகச் சொல்லலாம்.

கண்ணைப் பழக்க, வீட்டு ஆல்பங்களே போதும். குங்குமப் பொட்டு மைப்பொட்டைப் போலக் கறுத்திருந்தால் அந்தப் படம் ஆர்த்தோ. ஆத்தங்குடித் தரையின் செங்காவிப் பூவும் கரும்பச்சைக் கட்டமும் ஒன்றோடொன்று கலந்து, கோலமே தெரியாமல் போன படங்கள் செட்டிநாட்டு வீடுகளில் எத்தனையோ உண்டு. ஹரிக்கேனின் மேல்புறத்திலும் அதேதான் நடந்திருக்கிறது.

மேல்புற வண்ணம்

பிரிண்டில் மேல்புறம் ஏறக்குறைய ஒரே சாம்பல். இரண்டு நிறத் திட்டுகளின் எல்லை எங்கோ சில இடங்களில் மட்டும் மங்கலாகத் தெரிகிறது. பார்த்ததும் ஒற்றை நிறம் பூசிய விமானம் என்றுதான் தோன்றும்.

சோதித்துப் பார்க்கும் முறை இது. பிளாஸ்டிக் அட்டையில் 3×3 செ.மீ. கட்டங்கள் வெட்டி, சாத்தியமான நிறங்களைப் பூச வேண்டும்: டார்க் எர்த் (பழுப்பு), டார்க் கிரீன் (கரும்பச்சை), மிடில் ஸ்டோன் (மணல் மஞ்சள்), மீடியம் சீ கிரே (சாம்பல்), ஸ்கை (வெளிர்பச்சை), அஷூர் புளூ (வெளிர்நீலம்). கூடவே ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள், ஒரு வெள்ளை. எல்லாம் மேட் பூச்சாக இருக்க வேண்டும், பளபளப்பு கணக்கைக் கெடுத்துவிடும். வளவின் முற்றத்தில், நேர் வெயில் படாத திறந்த வான வெளிச்சத்தில் போனில் படமெடுத்து, ஜிம்ப் மென்பொருளில் மோனோ மிக்சரைத் திறந்து, சிவப்பு 0, பச்சை 0.45, நீலம் 0.55 என்று வைத்தால் ஆர்த்தோவுக்கு நெருங்கிய சாயல் கிடைக்கும். சிவப்பு 0.30, பச்சை 0.40, நீலம் 0.30 என்று வைத்தால் பானுக்கு நெருக்கம்.

பான் அமைப்பில் டார்க் எர்த் டார்க் கிரீனைவிட வெளிறி நிற்கிறது, எல்லை தெளிவு. ஆர்த்தோ அமைப்பில் பழுப்பிலுள்ள சிவப்பு விழுந்துவிடுவதால் இரண்டும் ஒரே சாம்பலுக்கு வந்துவிடுகின்றன. மிடில் ஸ்டோன் மட்டும் ஆர்த்தோவிலும் பச்சையிலிருந்து பிரிந்தே நிற்கிறது. மத்திய கிழக்கு வழியாக வந்த ஹரிக்கேன்களில் டார்க் எர்த்தும் மிடில் ஸ்டோனும் இருந்ததால் இந்தச் சோதனை தேவைப்பட்டது. பிரிண்டில் அப்படிப் பிரிந்து நிற்கும் திட்டு இல்லை. ஆகவே மேல்புறம் டார்க் எர்த்தும் டார்க் கிரீனும், அன்றைய பிரிட்டிஷ் விமானப்படையின் வழக்கமான திட்டம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். போன் கேமரா தன் விருப்பத்துக்கு ஒளியைத் திருத்தும். அதனால் எண்களை நம்பக் கூடாது. எது எதைவிட வெளுப்பு என்ற வரிசையை மட்டும்தான் நம்பலாம்.

அடிப்புறம் நிழலில் கிடக்கிறது, தரையின் வெளிச்சம் அதன்மேல் பட்டுத் தெறிக்கிறது. அங்கே சாம்பல் அளவை வைத்து நிறம் சொல்வது ஏமாற்று வேலை. 1943-44 காலத்துக்குப் பொருந்தும் மீடியம் சீ கிரே தேர்ந்தெடுக்கப்பட்டது, அது தேர்வு என்றே குறிப்புத்தாளிலும் எழுதப்பட்டது.

வட்ட அடையாளம்

இந்தப் படத்தின் மிகச் செழிப்பான பகுதி இதுதான். ஜப்பானிய விமானத்தின் செவ்வட்டத்தோடு குழம்பாமல் இருக்க, இந்தியாவிலும் பர்மா முனையிலும் இருந்த விமானங்களில் அடையாளத்தின் சிவப்பு படிப்படியாக மறைக்கப்பட்டது. பழைய, சி1 என்ற வகை அடையாளத்தின் அளவுகள் தெரிந்தவை: மஞ்சள் வெளிவளையம் 36 அங்குலம், நீலம் 32, வெள்ளை 16, நடுச்சிவப்பு 12. 1 மி.மீ.க்கு 140 என்ற கணக்கில் பிரிண்டில் அவை முறையே 6.5, 5.8, 2.9, 2.2 மி.மீ. வர வேண்டும்.

பிரிண்டில் 5.8 மி.மீ. நீலம் இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு கரிய வளையம். ஆர்த்தோவில் மஞ்சளே கருத்துத் தெரியும் என்பதால், இது மூடாமல் விட்ட மஞ்சளா, மஞ்சளின் மேல் புதிதாகப் பூசிய உருமறைப்பு வண்ணமா என்பது கேள்வி. அளந்தால் விடை கிடைக்கிறது. தொழிற்சாலை மஞ்சள் வளையம் சுற்றிலும் ஒரே அகலம், 2 அங்குலம், பிரிண்டில் 0.36 மி.மீ. இங்கே வளையம் சில இடத்தில் 0.4, சில இடத்தில் 0.8 மி.மீ. என்று ஏறி இறங்குகிறது. கீழ்ப்பக்கம் தூரிகை வெளியே வழிந்த நாக்குகள்கூடத் தெரிகின்றன. ஆக, இது கையால் மூடியது. புதுப் பூச்சு என்பதால் வெயிலில் வெளுத்த பழைய பூச்சைவிடக் கருத்திருக்கிறது.

நடுவில் 2.9 மி.மீ. வெள்ளை. அதற்குள் 2.2 மி.மீ. வட்டம் ஒன்று, மெல்லிய சாம்பலாக. வெள்ளையை ஒரே கை பூசினால் அடியிலுள்ள சிவப்பு இளஞ்சிவப்பாக எட்டிப்பார்க்கும். நம் கண்ணுக்கு அது லேசான நிறம், ஆர்த்தோவுக்கு அது நிழல். நடுவை வெளிர்நீலத்தால் மூடியிருந்தால் ஆர்த்தோவில் வெள்ளையிலிருந்து பிரித்தே பார்க்க முடியாது. சிவப்பின் மேல் மெல்லிய வெள்ளை என்ற விளக்கம்தான் இந்தச் சாம்பல் வட்டத்துக்குப் பொருந்துகிறது.

மாடலில் அதே வரிசையில் செய்ய வேண்டும். டீக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் அச்சுப்படம்) ஒட்டினால் இந்த அடுக்கு வராது. 17 மி.மீ. நீலம், 8.5 மி.மீ. வெள்ளை, 6.35 மி.மீ. சிவப்பு என்று வட்ட வெட்டியால் மாஸ்கிங் டேப்பில் வெட்டிப் பூசி, சிவப்பின் மேல் வெள்ளையை மிக நீர்த்து இரண்டு கை கொடுக்க வேண்டும். மூன்றாவது கை கொடுத்தால் சிவப்பு முழுக்க மறைந்துவிடும். வெளிவளையத்தை மட்டும் ஏர்பிரஷில் செய்யாமல் 00 தூரிகையால், வெளுக்கச் செய்யாத டார்க் கிரீனில் பூச வேண்டும். ஏர்பிரஷ் விளிம்பு மென்மையாகிவிடும், படத்தில் இருப்பது தூரிகையின் கரடுமுரடு.

எங்கே பெயரும், எங்கே பெயராது

ஹரிக்கேனின் உடல் மூன்று வகைப் பொருள். மூக்கிலிருந்து காக்பிட் வரை உலோகத் தகடு. காக்பிட்டுக்குப் பின்னால் முதுகு மேடு ஒட்டுப்பலகை. அதன் பின் வால்வரை மரச்சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய துணி. விமானத்தைத் திருப்பும் அசையும் பரப்புகளான சுக்கான், எலிவேட்டர், ஏலரான் மூன்றும் துணியே. மார்க் 2-இன் இறக்கை உலோகம்.

துணியில் வெள்ளித் தகடு தெரிய வழியே இல்லை. பின்னுடலில் வெள்ளிப் பெயர்ப்பு வைத்த ஹரிக்கேன் மாடல் எவ்வளவு அழகாக இருந்தாலும் தப்பு. துணி தேய்ந்தால் மேல் வண்ணத்தின் அடியில் அலுமினியத் தூள் கலந்த டோப்பு (துணியை விறைப்பாக்கும் பூச்சு) மங்கிய சாம்பலாகத் தெரியும், இன்னும் தேய்ந்தால் செங்காவி டோப்பு. அதுவும் விலா விளிம்புகளில் மட்டும், உரசலாக. ரோட்டால் புரொப்பல்லரின் இதழ்கள் அழுத்திய மரம் என்பதால் அங்கும் வெள்ளி கூடாது.

துருவும் அப்படித்தான். அலுமினியம் செம்பழுப்பாகத் துருப்பிடிக்காது, வெள்ளைப் பொடியாகப் பூக்கும். அரிமான ஆய்வுக்குப் பேர்போன மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இயங்கும் ஊரில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் இறக்கையில் துரு வழியும் மாடல்கள் வந்துகொண்டேயிருக்கின்றன. இந்த விமானத்தில் துரு நிறத்துக்கு உரிமையுள்ள இடம் எஃகுப் புகைக்குழாய்கள்தான்.

பிரிண்டில் உண்மையான பெயர்ப்பு மூன்று இடங்களில்: இட இறக்கை வேரில் விமானி மிதிக்கும் தடம், துப்பாக்கி அறை மூடிகளின் விளிம்பு, எஞ்சின் மூடியின் திருகாணிகளைச் சுற்றி. இவற்றுக்கு ஹேர்ஸ்ப்ரே முறை பொருந்தும். அலுமினிய நிற லாக்கர் பூசி 24 மணி நேரம் காயவிட்டு, ஹேர்ஸ்ப்ரேயை 25 செ.மீ. தள்ளிப் பிடித்து மெல்லிதாக இரண்டு கை. அரை மணி கழித்து அக்ரிலிக் உருமறைப்பு வண்ணம். பிறகு வெதுவெதுப்பான நீரில் நனைத்த கட்டைத் தூரிகையால் மெல்லத் தட்டினால் பெயரும்.

குளிர்நாட்டுக் குறிப்புகளில் இதற்கு இரண்டு மூன்று மணி நேரம் இருக்கிறது என்பார்கள். சித்திரை, வைகாசியில் நம் பக்கம் அக்ரிலிக் அதைவிட வெகு சீக்கிரம் இறுகிவிடும். வண்ணம் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்ததுமே தொடங்கி முக்கால் மணிக்குள் முடிக்க வேண்டும். தாமதித்தால் புள்ளியாகப் பெயராமல் தோலாக உரியும். ஹேர்ஸ்ப்ரே கனமாக விழுந்தாலும் அதே கதை, வண்ணம் வெடித்துக் கோடுகள் விழும். துணிப் பகுதிகளை முன்கூட்டியே டேப்பால் மூடிவிட்டால் ஹேர்ஸ்ப்ரே அங்கே படாது, தெரியாமல்கூட அங்கே பெயராது.

வண்ணக் கலவை

டார்க் கிரீனுக்கு டாமியா நிறுவனத்தின் எக்ஸ்எஃப்-81 வண்ணம், அடிப்புறத்துக்கு எக்ஸ்எஃப்-83. டார்க் எர்த்துக்கு எக்ஸ்எஃப்-52 மட்டும் பூசினால் சற்றுச் சிவந்து நிற்கும், 10 துளிக்கு 2 துளி எக்ஸ்எஃப்-60 (அடர்மஞ்சள்) சேர்த்தால் அடங்கும். ஏர்பிரஷில் 0.3 மி.மீ. முனை, 15 பிஎஸ்ஐ காற்றழுத்தம், வண்ணத்துக்குச் சம அளவு தின்னர். கோடையில் வண்ணம் காற்றிலேயே உலர்ந்து மணல்போல் படியும், முனையும் அடைக்கும். தின்னரில் பத்தில் ஒரு பங்கு ரிட்டார்டர் (உலர்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) சேர்த்தால் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தலைகீழ்ச் சிக்கல்: லாக்கர் வார்னிஷ் ஈரத்தை வாங்கி வெண்மையாகப் பூக்கும். மழை நாளில் லாக்கரைத் தொடாமல் இருப்பதே நல்லது.

வெளுப்பை அடிப்படை நிறத்திலேயே கொண்டுவர வேண்டும். மேலிருந்து வெயில் அடிக்கும் பரப்புகளுக்கு 20 துளிக்கு 4 துளி எக்ஸ்எஃப்-57 (வெளிர் மஞ்சள்பழுப்பு) கலந்து, தகடுகளின் நடுவில் மட்டும் மெல்லிய பூச்சு. இங்கே படத்தை மறுபடி பார்க்க வேண்டும். படத்தில் வெளிறிய இடம் எல்லாம் வெளுத்த வண்ணம் அல்ல. பளபளப்பு வளைவைப் பின்தொடரும், ஒரே உயரத்தில் நீளக்கோடாக ஓடும். தூசி கீழே சேரும், காற்றோட்டத்தின் திசையில் இழுபடும். வெயில் வெளுப்பு மேல்நோக்கிய பரப்புகளில், தகடுக்குத் தகடு மாறும். பிரிண்டில் எஞ்சின் மூடி மேல் ஓடும் வெள்ளைக் கோடு பளபளப்பு. அதை வண்ணத்தில் எழுதிவிட்டால், மாடலைத் திருப்பும்போதெல்லாம் வெளிச்சம் இல்லாத இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு நிற்கும்.

புகை, எண்ணெய், எரிபொருள்

புகைக்குழாய்க்குப் பின்னால் ஓடும் கறையின் நடு வெளிறி, இரு ஓரமும் கருத்திருக்கிறது. ஈயம் கலந்த 100 ஆக்டேன் பெட்ரோலில் கலவையைச் சிக்கனமாக வைத்து நீண்ட நேரம் பறந்தால் சாம்பல் வெண்மையில் ஈயப் படிவு சேரும். கலவை செறிவாக இருந்தால் கரி. முதலில் கரும்பழுப்பை அகலமாகவும், அதன் மேல் வெளிர்சாம்பலை நடுவில் குறுகலாகவும் பூச வேண்டும். இரண்டையும் 1 பங்கு வண்ணத்துக்கு 9 பங்கு தின்னர் என்று நீர்த்து, 10 பிஎஸ்ஐயில், பல முறை கடந்து செல்ல வேண்டும். ஒரே கையில் வர வேண்டும் என்று அடர்த்தியாக அடித்தால் கறை வால்போல ஒட்டிக்கொள்ளும்.

இறக்கை வேரில் உள்ள எரிபொருள் மூடியிலிருந்து பின்னோக்கி ஒரு கருங்கோடு. அது அழுக்கு அல்ல. பெட்ரோல் வழிந்து தூசியைக் கழுவிய சுத்தமான வண்ணம். தூசி போட்ட பிறகு ஒயிட் ஸ்பிரிட் (டர்பன்டைன் போன்ற கரைப்பான்) தொட்ட மெல்லிய தூரிகையால் ஒரே இழுப்பில் துடைத்து எடுத்தால் அச்சாக அதே தோற்றம் வரும்.

துப்பாக்கி வாய் ஒட்டுத்துணிகள் பிரிண்டில் கறுப்பு. இவை செங்காவி டோப்பு அடித்த துணிகள், ஆர்த்தோவில் அப்படித்தான் தெரியும். மாடலில் அவை சிவப்பு. புரொப்பல்லர் நுனியும் பிரிண்டில் இதழிலிருந்து பிரிந்து தெரியாத அளவுக்குக் கருத்திருக்கிறது, ஆனால் அது மஞ்சள்.

தூசி: செம்மண்ணா, மணலா

செட்டிநாட்டில் உட்கார்ந்து இந்த விமானத்தைச் செய்கிறவருக்குக் கை தானாகச் செம்மண்ணுக்குப் போகும். செட்டிநாடு கால்நடைப் பண்ணை நிலத்தில் போர்க்கால ஓடுபாதை இன்றும் கிடக்கிறது, சுற்றிலும் செம்மண். போதாதற்கு, ஹரிக்கேன் பறத்திய இந்திய விமானப்படையின் 6-ஆம் ஸ்குவாட்ரன் 1942 டிசம்பர் 1 அன்று அமைக்கப்பட்டது திருச்சிராப்பள்ளியில். பிறகு அது மெஹர் சிங் தலைமையில் பர்மாவின் அரக்கான் முனையில் வேவு பார்த்தது, 1944-இல் அவருக்கு டிஎஸ்ஓ விருது கிடைத்தது. பக்கத்து ஊரில் பிறந்த படை என்ற பாசம் இயல்பானது. ஆனால் பிரிண்டில் படை எழுத்து இல்லை, வரிசை எண் இருக்க வேண்டிய இடத்தை வாலருகே நிற்பவர் மறைக்கிறார். பாசத்தை வைத்து எண் எழுத முடியாது.

தூசியின் நிறத்தையோ பிரிண்ட் தானே சொல்கிறது. செம்மண் என்றால் ஆர்த்தோவில் தரை கருத்திருக்க வேண்டும். இங்கே தரை உட்கார்ந்திருப்பவர்களின் காக்கி அரைக்கால் சட்டையைவிட வெளுப்பு, கயிற்றில் காயும் வெள்ளை பனியனுக்குச் சற்றே கீழே. சக்கரத்தில் படிந்த தூசியும் அதே வெளுப்பு. இது வெளிர்மணல், கடற்கரை ஓடுபாதைக்கு ஒத்துப்போகும் தரை. செம்மண் இந்த மாடலில் தப்பு.

தூசிக்குக் கடைப் பிக்மெண்ட் தேவையில்லை. காய்ந்த கண்மாயின் வண்டல் சாம்பல் பழுப்பில் அருமையான பொடி தரும். அப்படியே போட்டால் மட்டும் ஆகாது. துணியில் சலித்தாலும் மிஞ்சும் துகள் 1/48-க்குக் கூழாங்கல். நீரில் தெளியவைத்துப் பிரிக்க வேண்டும். கண்ணாடிப் பாத்திரத்தில் 10 செ.மீ. உயரத்துக்கு நீர் ஊற்றி, இரண்டு கரண்டி வண்டலை நன்றாகக் கலக்கி, 4 நிமிடம் அசையாமல் வைக்க வேண்டும். நம் ஊர் வெப்பத்தில், 20 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள் அந்த நேரத்துக்குள் அடிக்குப் போய்விடும். மேலே நிற்கும் கலங்கல் நீரை வேறு பாத்திரத்துக்கு மெல்ல வடித்து, இரண்டு நாள் வைத்துத் தெளிந்த நீரை நீக்கி, வண்டலை வெயிலில் காயவைத்துப் பொடித்தால் போதும். 20 மைக்ரான் என்பது 1/48-இல் 1 மி.மீ. துகள், கண்ணுக்குத் தூசியாகவே தெரியும். மட்கிய இலைதழை இருந்தால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், அதனால் காய்ந்த பொடியை இரும்புச் சட்டியில் பத்து நிமிடம் வறுத்துவிடுவது நல்லது. அதிகம் வறுத்தால் மண்ணிலுள்ள இரும்பு சிவந்து நிறம் மாறும்.

இந்த மாடலுக்கு வண்டல் 2 பங்கு, சுண்ணாம்புக்கட்டிப் பொடி 1 பங்கு. ஒயிட் ஸ்பிரிட்டில் கூழாக்கிச் சக்கரம், சக்கர அறை, இறக்கையின் அடிப்பின்புறம், புரொப்பல்லர் காற்று மண்ணை வாரியடிக்கும் வால் அடிப்பகுதி ஆகியவற்றில் தொட்டு, காய்ந்ததும் உலர்தூரிகையால் காற்றோட்டத் திசையில் தட்டிவிட வேண்டும். மேல் வார்னிஷ் அடித்தால் பொடி பாதி மறைந்து நிறமும் கருக்கும். அதனால் மேட் வார்னிஷ் முதலில், தூசி கடைசியில்.

குறிப்புத்தாள்

மாடலோடு ஒரு தாள் போகிறது. அதில் மூன்று பத்திகள்: படத்தில் கண்டது, படத்திலிருந்து ஊகித்தது, தேர்ந்தெடுத்தது. வட்ட அடையாளம், பெயர்ப்பு, புகைக்கறை முதல் பத்தியில். மேல்புற நிறங்கள், தூசி நிறம் இரண்டாவதில். அடிப்புற நிறமும் வலப்பக்கம் முழுவதும் மூன்றாவதில். வரிசை எண்ணும் படை எழுத்தும் எந்தப் பத்தியிலும் இல்லை, மாடலிலும் இல்லை. வலப்பக்க உருமறைப்புக்குப் பிரிட்டிஷ் விமானப்படையின் நிலையான வரைபடத்தையே பின்பற்றலாம். புகைக்கறையும் இரு பக்கத்துக்கும் பொது. வலப்பக்க இறக்கை வேரில் மட்டும் பெயர்ப்பை ஓரிரண்டு உரசலோடு நிறுத்த வேண்டும். பெட்ரோல் ஊற்ற ஆள் அங்கும் ஏறுவார், ஆனால் விமானி ஏறும் படி இடப்பக்கம் மட்டும்தான்.